கூட்டத்துக்குள் நின்று எடுத்த படம்

(கோச்சடையில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு ஒதுக்கப்பட்டிருப்பது 15 நிமிஷம். "ராக் கச்சேரியில போனைத் தூக்கிப் பிடிச்சு எடுத்த வீடியோவைப் பத்திப் பேச அப்படி என்னப்பா இருக்கு?" என்று செயலாளர் அண்ணன் கேட்டார். இருக்கிறது அண்ணே. நம் சங்கம் பழைய கல்லூரி தின வீடியோக்களைத் திரட்டி ஒரு தொகுப்பு தயாரிக்கப் போவது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நம் கல்லூரி பாண்டு வாசித்த ராக் பாட்டுகள் எல்லாம் "குவாலிட்டி சரியில்லை" என்று ஓரங்கட்டப்படும் நிலையில் இருக்கின்றன. குழுவில் இன்னொரு யோசனையும் வந்திருக்கிறது. படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, சத்தத்தை எடுத்துவிட்டு, சி.டி.யில் இருக்கும் ஒரிஜினல் பாட்டை அதன்மேல் ஒட்டிவிடலாம் என்பது அந்த யோசனை. இரண்டுமே வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இங்கே வந்து நிற்கிறேன். அதற்கு நான் சுற்றி வளைத்துப் பெங்களூர் போய் வரவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2007 மார்ச் 17, சனிக்கிழமை. பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் கச்சேரி. நான் அப்போது முதல் வருஷம். கையில் காசு இல்லை, வீட்டில் அனுமதியும் இல்லை. அடுத்த வாரம் அந்தக் கச்சேரி எங்கள் ஹாஸ்டலுக்கே வந்து சேர்ந்தது, ப்ளூடூத் வழியாக! யாரோ ஒரு புண்ணியவான் போனில் பிடித்த 3ஜிபி ஃபைல். படத்தின் அளவு 176-க்கு 144 புள்ளி. நொடிக்கு 15 படம். பாடகர் புரூஸ் டிக்கின்ஸன் அதில் ஒரு வெள்ளைப் பொட்டு. பொட்டு இடமிருந்து வலம் ஓடினால் "அண்ணன் ஓடுறார்டா" என்று புரிந்துகொள்ள வேண்டும்.

படத்தைவிடச் சத்தம் மோசம். காரணத்தை ஈ.சி.இ. மக்கள் உடனே பிடித்துவிடுவீர்கள். அந்தக் காலத்துப் போன்கள் பல, வீடியோவின் ஒலியை ஏ.எம்.ஆர். என்ற முறையில் பதிவு செய்தன. அது போனில் பேசும் குரலுக்காகச் செய்யப்பட்டது. நொடிக்கு 8,000 சாம்பிள். சுமார் 200 ஹெர்ட்ஸிலிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் உள்ளே விடும். பேஸ் கிடாரின் கீழ்த்தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அது வாசலிலேயே நின்றுவிடும். டிரம்ஸின் தாளத்தட்டு ஜிலுஜிலுப்பதெல்லாம் 3,400-க்கு மேலே. அதுவும் உள்ளே வராது. மிஞ்சுவது தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கிய சத்தம். அதைத்தான் நாங்கள் எட்டுப் பேர் ஒரே போனைச் சுற்றித் தலையை முட்டிக்கொண்டு இருபது தடவை கேட்டோம்.

அதே குழு 2008 பிப்ரவரி 1 அன்று மும்பையில் வாசித்தது. அந்தச் சுற்றுப்பயணம் 'ஃப்ளைட் 666' என்ற ஆவணப்படமாக 2009-ல் வந்தது. பிரமாதமான படப்பிடிப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த மாதிரிப் படங்களில் கூட்டம் என்பது மேலேயிருந்து பார்க்கிற ஒரு கடல். கடலுக்குள் நிற்கிறவனுக்கு என்ன தெரிந்தது, பக்கத்தில் இருந்தவன் என்ன கத்தினான், இது அதில் இருக்காது. அதற்கு அந்த 3ஜிபி புண்ணியவானிடம்தான் போகவேண்டும்.

இனி முக்கியமான கச்சேரிக்கு வருகிறேன். 2011 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை, அதே பேலஸ் கிரவுண்ட்ஸ், மெட்டாலிகா. இந்தியாவில் அவர்கள் வாசித்த முதல் கச்சேரி. உண்மையில் அதற்கு இரண்டு நாள் முன்னால், 28-ஆம் தேதி குர்கானில் வாசித்திருக்க வேண்டும். பாதுகாப்புக் காரணத்தால் அது நின்றுபோய், ஆத்திரமடைந்த கூட்டம் மேடையை நாசம் செய்தது செய்தித்தாள்களில் வந்தது. பெங்களூரிலாவது நடக்குமா என்ற பயத்தோடுதான் நாங்கள் ஆறு பேர் மதுரை ஜங்ஷனில் மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறினோம். தீபாவளி 26-ஆம் தேதிதான் முடிந்திருந்தது. கையில் அம்மா கொடுத்த முறுக்கு டப்பா. முறுக்கு ஈரோடு தாண்டவில்லை.

பெரிய கேமராவை இந்த மாதிரி இடங்களில் உள்ளே விடமாட்டார்கள். எங்களிடம் இருந்தவை ஒரு ஐபோன் 4, இரண்டு நோக்கியா, ஒரு சாம்சங், ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா. ஆறாவது ஆளிடம் ஒன்றும் கிடையாது, அவன் கச்சேரி பார்த்தான்! கூட்டத்தில் ஆளுக்கொரு பக்கம் சிதறிவிட்டோம். அதுவே பின்னால் நல்லதாகப் போயிற்று. ஊர் திரும்பியதும் ஐந்து பேருடைய துண்டுகளையும் சேர்த்து, ஒரு பாட்டையாவது முழு வீடியோவாக்குவது என்று முடிவு செய்தோம். அந்த வேலை மூன்று மாசம் ஓடியது. ஒரு செமஸ்டரில் படித்ததைவிட அதில் அதிகம் கற்றுக்கொண்டேன். (பேராசிரியர்கள் மன்னிக்கவும்.)

முதலில் சத்தம். ஸ்பீக்கருக்கு மிக அருகில் நின்றவனுடைய பதிவுதான் படுமோசம். கச்சேரி மைதானத்தில் 105 டெசிபல் சர்வசாதாரணம், முன்வரிசையில் அதற்கு மேலும் போகும். அன்றைய போன் மைக்கும் அதன் பின்னாலுள்ள சர்க்யூட்டும் அவ்வளவைத் தாங்காது. அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டு, எல்லாம் ஒரே 'கர்ர்ர்' என்று ஆகிவிடும். அப்படி வெட்டுப்பட்டதைப் பிற்பாடு எந்த மென்பொருளாலும் முழுசாகத் திரும்பக் கொண்டுவர முடியாது. வெட்டுப்படாத போனில் இன்னொரு தொல்லை, சத்தத்தைத் தானாகவே ஏற்றி இறக்கும் ஏ.ஜி.சி. டிரம்ஸில் ஒரு அடி விழுந்தால் பயந்துபோய் மொத்தத்தையும் அமுக்கும், அடுத்த நொடி மெதுவாகத் தலையைத் தூக்கும், மறுபடி ஒரு அடி, மறுபடி அமுக்கும். பாட்டு ஆஸ்துமா வந்த மாதிரி மூச்சு வாங்கும். நோக்கியா 2012-ல் 808 என்ற போனில் 140 டெசிபல் வரை தாங்கும் மைக் அமைப்பைக் கொண்டுவந்தபோது நான் அந்த விளம்பரத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டேன். எங்களுக்கு ஒரு வருஷம் லேட்!

மேடையிலிருந்து தள்ளி, ஒலி கலக்கும் மேஜையின் பக்கம் நின்றவனுடைய பதிவுதான் காதுக்கு ஒத்துவந்தது. ஒலிப் பொறியாளர் தன் காதுக்குச் சரியாக இருக்கும்படிதான் கலக்குகிறார், ஆகவே அவர் பக்கத்தில் நின்றால் நமக்கும் சரியாக இருக்கும். இது எந்த ஊர்க் கச்சேரிக்கும் பொருந்தும். நம்ம கோச்சடை அய்யனார் கோயில் திருவிழா மெல்லிசைக்கும்தான்.

மெட்டாலிகா 2004-லிருந்து தங்கள் கச்சேரிகளின் ஒலிப்பதிவை ஒவ்வொரு இரவாகத் தாங்களே இணையத்தில் விற்று வருகிறார்கள். பெங்களூர் இரவையும் காசு கொடுத்து வாங்கினோம். சுத்தமான ஒலி. அதை எங்கள் படத்தின்மேல் போட்டுப் பார்த்தபோது ஒரு வேடிக்கை. வாயும் பாட்டும் பொருந்தின, டிரம் குச்சி விழும் நேரத்தில் சரியாக அடி கேட்டது. ஆனால் போனிலேயே பதிவான சத்தத்தோடு ஓட்டினால் குச்சி விழுந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடி கேட்டது. வெளிச்சம் உடனே வந்துவிடுகிறது, சத்தம் நொடிக்கு சுமார் 343 மீட்டர்தான் வரும் என்பது பத்தாம் வகுப்பு பௌதிகம். 34 மீட்டர் தள்ளி நின்றால் நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம், நொடிக்கு 30 படம் ஓடும் வீடியோவில் அது மூன்று படம். ஆகவே, பல கேமராக்களைச் சத்தத்தை வைத்து ஒன்றோடொன்று பொருத்தினால் மட்டும் போதாது. ஒவ்வொருவனும் எவ்வளவு தூரத்தில் நின்றான் என்று பார்த்து அவனுடைய படத்தைத் தனியே நகர்த்தவும் வேண்டும்.

இதைத் திருப்பிப் போட்டால் தாமதத்தை வைத்துத் தூரத்தைக் கண்டுபிடிக்கலாம். "நான் மேடைக்கு முன்னாடி நின்னேன்டா மாப்ள, ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் என்னையத்தான் பார்த்தாரு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த நண்பனுடைய வீடியோவில் தாமதம் கால் நொடி. கணக்குப் போட்டால் 86 மீட்டர்! அவன் இன்று இதே மண்டபத்தில்தான் இருக்கிறான்.

அடுத்த விஷயம் போனுக்குள் இருக்கும் கடிகாரம். இரண்டு போன்களுடைய கடிகாரங்கள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்றால் ஒன்றுமில்லாததுபோல் தெரியும். இரண்டு மணி நேரக் கச்சேரியில் அது 0.36 நொடி. ஆரம்பத்தில் பொருத்திவிட்டுக் கடைசிப் பாட்டில் பார்த்தால் நழுவியிருக்கும். போதாததற்கு இருட்டில் சில போன்கள் நொடிக்கு 30 படத்தைத் தாங்களாகவே குறைத்துக்கொள்ளும். பாட்டுக்குப் பாட்டு தனித்தனியாகப் பொருத்துவதுதான் வழி. நல்லவேளையாக எங்கள் ஆட்கள் யாரும் முழுக் கச்சேரியைப் பிடிக்கவில்லை. அப்போது மெமரி கார்டும் பேட்டரியும் அதற்குப் போதாது.

சரி, கேமரா வேலை. ஐந்து பேரில் யாருடையது நன்றாக இருந்தது என்கிறீர்கள்? ஐபோன் வைத்திருந்தவன் அல்ல. சின்ன டிஜிட்டல் கேமரா வைத்திருந்தவன், எங்களில் குள்ளமானவனும் அவன்தான். அவனுக்குக் கையைத் தூக்கினாலும் மேடை தெரியவில்லை. இரண்டு முழங்கையையும் தடுப்புக் கம்பியில் ஊன்றி, முன்னால் நின்ற இரண்டு பேருடைய தலைக்கு நடுவிலுள்ள இடைவெளியில் வைத்தான், அப்படியே வைத்ததுதான். ஏழு நிமிஷம் அசையவில்லை. முழு மேடை, நான்கு பேரும் ஒரே சட்டத்துக்குள். யார் எப்போது யாரைப் பார்த்துத் தலையசைக்கிறார், எந்த இடத்தில் டிரம்மர் லார்ஸ் உல்ரிச் எழுந்து நிற்கிறார், எல்லாம் தெரிகிறது.

மற்றவர்கள் எல்லோரும் படம் எடுக்கவில்லை, தேடிக்கொண்டிருந்தார்கள். பாடகரிடமிருந்து கிடார்க்காரரிடம் ஓடுவார்கள், ஓடிச் சேர்வதற்குள் சோலோ பாதி முடிந்திருக்கும். பிறகு ஜூம். அந்தப் போன்களில் ஜூம் என்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான், கூடுதலாக ஒரு விவரமும் வராது, கை நடுக்கம் மட்டும் நாலு மடங்கு ஆகும். இருட்டு மேடையில் முகத்தின்மேல் ஒரு ஸ்பாட் லைட் விழுந்தால், கேமரா இருட்டைப் பார்த்துக் கண்ணை அகல விரித்துக்கொள்ளும், முகம் அவித்த முட்டை மாதிரி ஆகிவிடும். திரையில் முகத்தை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிட இப்போது பெரும்பாலான போன்களில் வழி இருக்கிறது. பூட்டினால் பின்னணி கறுப்பாகும், ஆகட்டுமே. மின்னி மறையும் விளக்குகளில் படத்தின் மேல்பாதி வெளிச்சமும் கீழ்ப்பாதி இருட்டுமாக வருவதற்குக் காரணம், சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பது. அதைத் தடுக்க நம்மால் ஆவது ஒன்றுமில்லை, பார்க்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

போனைத் தூக்கிப் பிடித்துப் பின்னால் நிற்பவர்களுக்கு மறைப்பவர்களைப் பற்றி ஒரு அக்கா காலையிலேயே கோபப்பட்டார். நியாயமான கோபம். முழங்கையை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்தால் பின்னாலிருப்பவருக்கும் மறைக்காது, படமும் ஆடாது.

கடைசியில் எங்கள் வீடியோ எப்படி வந்தது? வாங்கிய ஒலியை மட்டும் போட்டபோது படம் ஏதோ சோப்பு விளம்பரம் மாதிரி ஆகிவிட்டது. நாங்கள் அங்கே இருந்ததற்கான அடையாளமே இல்லை. மேஜைப் பக்கம் நின்றவனுடைய பதிவை, அவனுடைய தாமதத்தைக் கழித்து முன்னால் நகர்த்தி, அடியில் மெல்லியதாகக் கலந்தோம். நகர்த்தாமல் கலந்தால் ஒவ்வொரு அடியும் இரண்டு தடவை கேட்கும். கலந்ததும் ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து பாடுவது மேலே எழுந்து வந்தது, நடுவில் "டேய், தண்ணி பாட்டிலு எங்கடா" என்று ஒரு மதுரைக் குரல். அதை எடுத்துவிடலாமா என்று ஓட்டுப் போட்டோம். வேண்டாம் என்று ஐந்து ஓட்டு, வேண்டும் என்று ஒன்று. அந்த ஒன்று பாட்டில்காரனுடையது.

இப்படிக் கூட்டம் எடுத்த படத்தைப் பெரிய குழுக்களே மதித்திருக்கின்றன. பீஸ்டி பாய்ஸ் என்ற அமெரிக்கக் குழு, 2004 அக்டோபர் 9 அன்று நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ரசிகர்கள் 50 பேர் கையில் ஹை-8 கேமராவைக் கொடுத்து எடுக்கச் சொல்லி, 2006-ல் அதையே திரைப்படமாக வெளியிட்டது. நைன் இஞ்ச் நெய்ல்ஸ் குழு 2009 ஜனவரியில் தன் கச்சேரிகளின் எடிட் செய்யாத படத்தை 400 ஜி.பி.க்கு மேல் ரசிகர்களிடம் விட்டுவிட்டது. ரசிகர்கள் கூடி அதை முழுப் படமாக்கினார்கள். எனக்கு மிகவும் பிடித்தது ரேடியோஹெட் கதை. 2009 ஆகஸ்ட் 23 அன்று பிராக் நகரத்தில் நடந்த கச்சேரியை ரசிகர்கள் சுமார் 50 பேர் கையடக்கக் கேமராக்களில், ஆளுக்கொரு கோணமாகத் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு எடுத்தார்கள்.  குழு அந்த இரவின் ஒலிப்பதிவைக் கொடுத்தது. 2010-ல் இலவசமாக வெளியாயிற்று. எங்களைப் போல் மூன்று மாசம் அல்ல, ஒரு வருஷ வேலை. படத்தில் ஆட்டமும் உண்டு, மங்கலும் உண்டு. ஆனால் அது கூட்டத்துக்குள் நின்று எடுத்த படம்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை, வக்கீல் அண்ணன் ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். 1957-ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு மேடையில் நிகழ்த்துகிறவருக்கு உரிமை தருகிறது. எடுப்பவர் தன் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொள்வதை 39-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஊருக்கு வெளியிடுவது, விற்பது வேறு விஷயம், அதற்குக் கேட்கவேண்டியவர்களைக் கேட்க வேண்டும். நம் தொகுப்பிலும் மேடையில் இருந்தவர்களிடம் கையெழுத்து வாங்கிவிடலாம், எல்லோரும் நம்ம ஆட்கள்தானே. பாட்டின் உரிமைக்கு வக்கீல் அண்ணனே வழி சொல்லட்டும்.

இப்போது நம் கல்லூரிக்கு வருகிறேன். குழுவிடம் இருக்கும் டேப்புகளில் 1996 கல்லூரி தின வி.ஹெச்.எஸ். ஒன்றைப் போன மாதம் போட்டுப் பார்த்தேன். கல்யாண வீடியோக்காரர் ஒருவர் தோளில் வைக்கும் கேமராவோடு மேடையின் பக்கவாட்டில் நிற்கிறார். நம்ம பாண்டு ஒரு டீப் பர்ப்பிள் பாட்டு வாசிக்கிறது. அவருக்கு ராக்கும் தெரியாது, சோலோவும் தெரியாது. டிரம்மர் முதுகுக்குப் பின்னால் இடம் கிடைத்தது, அங்கேயே நின்றுவிட்டார். ஆகவே பாடகர் முகமே இல்லை, டிரம்மரின் இரண்டு கையும் எதிரே கூட்டத்தின் முகங்களும்தான் படம் முழுக்க. "ஆங்கிள் தப்பு" என்று குழு எழுதிவைத்திருக்கிறது.

பாட்டு பாதியில் கரண்ட் போகிறது. விளக்கு, ஆம்ப்ளிஃபையர், மைக் எல்லாம் செத்துவிட்டது. கேமரா பேட்டரியில் ஓடுகிறது. படம் கறுப்பு. ஆனால் டிரம்ஸ் நிற்கவில்லை. அதற்குக் கரண்ட் வேண்டாமே! இருட்டுக்குள் அவர் மட்டும் அடித்துக்கொண்டே இருக்கிறார், கூட்டம் கைதட்டில் சேர்ந்துகொள்கிறது, பிறகு யாரோ பாட ஆரம்பித்து அரங்கமே பாடுகிறது. டேப் கவுண்டரில் பார்த்தேன், ஒரு நிமிஷம் 50 நொடி. கரண்ட் திரும்பி வரும்போது கிடாரும் தாளம் தப்பாமல் வந்து சேர்ந்துகொள்கிறது. விளக்கெரிந்ததும் முதலில் தெரிவது முன்வரிசையில் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருக்கும் நம் கணிதப் பேராசிரியர். அந்த டிரம்மர் அண்ணன் இன்று வந்திருக்கிறார், பேர் சொன்னால் உதைப்பார்.

இதன்மேல் சி.டி. பாட்டை ஒட்டினால் என்ன ஆகும்? இருட்டுத் திரையில், கரண்ட் இல்லாத அரங்கத்தில், எலெக்ட்ரிக் கிடார் அட்டகாசமாக வாசித்துக்கொண்டிருக்கும். அந்த 1 நிமிஷம் 50 நொடி நடந்ததற்கு வேறு சாட்சி கிடையாது.

ஆகவே குழுவிடம் என் விண்ணப்பம் இதுதான். வி.ஹெச்.எஸ். டேப்பின் சத்தத்தில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் இருக்கும், இருக்கட்டும், கொஞ்சமாகக் குறைக்கலாம், முழுசாகத் துடைத்தால் கைதட்டலும் சேர்ந்து போய்விடும். வெட்டாமல் முழுப் பாட்டாகப் போடுவோம். நேரமும் அதிகமில்லை. வி.சி.ஆர். தயாரித்து வந்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. மதுரையில் ஓடுகிற நிலையில் ஒன்றைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வாரம் ஆயிற்று, இப்போது அது என் வீட்டில் இருக்கிறது.

உங்கள் பரணில் கல்லூரி டேப் இருந்தால் கொடுங்கள். காந்த நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் தயவுசெய்து நீங்கள் போட்டுப் பார்க்காதீர்கள், நாடாவும் போகும், மெஷினின் ஹெட்டும் போகும். அப்படியே கொண்டுவாருங்கள், சுத்தம் செய்து பார்த்துக்கொள்கிறேன். போனில் எடுத்த பிற்கால வீடியோவாக இருந்தால் வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள், அது நசுக்கிச் சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் எடுத்தது எடுத்தபடியே வரும். பென் டிரைவில் கொடுத்தால் இன்னும் உத்தமம். எந்த வருஷம், மேடையில் யார் யார், எடுத்தவர் யார் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டப்பாவுக்குள் வையுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வாசல் மேஜையில் இருப்பேன். பாட்டில்காரனும் கூடவே இருப்பான், ரசீது அவன் போடுவான்.